தோட்டங்களில் பிரஷர் ஆய்வு: வினாக்கொத்து, குளிசை எண்ணிக்கை, பிரஷர் அளவீடு – தரவு சேகரிப்பை எப்படி அமைப்பது?

டிக்கோயா தாதி:

வணக்கம். முதுமாணித் தாதியியல் ஆய்வு முன்மொழிவு அடுத்த மாதம் நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது. தரவு சேகரிப்புப் பகுதியை மட்டும் இங்கே வைக்கிறேன். களம் தெரிந்தவர்கள் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கு எடுப்பவர்கள்: ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்யும், பிரஷருக்கு மருந்து எழுதிக் கொடுக்கப்பட்ட, 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள். நோக்கம் மூன்று. மருந்தை எவ்வளவு ஒழுங்காக எடுக்கிறார்கள்? எத்தனை பேருக்குப் பிரஷர் 140/90க்குக் கீழே நிற்கிறது? ஒழுங்காக எடுக்க எது தடையாக இருக்கிறது?

இப்போதைய திட்டம்: கிளினிக் நாளில் வருபவர்களிடம் 62 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து, அங்கேயே ஒரு தரம் பிரஷர் பார்ப்பது, மாதிரி 385 பேர். வினாக்கொத்தை ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கியிருக்கிறேன்.

கேட்க வேண்டியவை: மருந்து ஒழுங்கை அவர்கள் சொல்வதை வைத்தே எடுக்கலாமா, குளிசையை எண்ண வேண்டுமா? பிரஷர் எத்தனை தரம் எடுக்க வேண்டும்? குரொன்பாக் அல்பா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) 62 கேள்விக்கும் சேர்த்துப் போடுவதா? கடதாசியா, போனா? ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்த்தால் நல்லது என்று மேற்பார்வையாளர் சொல்கிறார், சேர்க்கலாமா?

—

பூனாகலை மிஸ்:

தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. கிளினிக்கில் வைத்துத் தரவு எடுத்தால், கிளினிக்குக்கு வருகிறவர்கள் மட்டும்தான் கிடைப்பார்கள். இரண்டு மாதமாக வராதவர், மருந்தை நிறுத்தியவர், பஸ் காசுக்கு யோசித்து நின்றுவிட்டவர் யாருமே உங்கள் மாதிரிக்குள் வரமாட்டார்கள். மருந்தை விட்டவர்களைத் தவிர்த்துவிட்டு மருந்து ஒழுங்கை அளந்தால் வரும் வீதம் உண்மையைவிட உயரமாகத்தான் இருக்கும். ஆகவே கிளினிக் பதிவேட்டில் கடந்த 12 மாதத்துக்குள் ஒரு தரமாவது பெயர் வந்தவர்களின் பட்டியலை எடுத்து, ஆளை லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தேடிப் போங்கள். அது முடியாது என்றால் தலைப்பை "கிளினிக்குக்குத் தொடர்ந்து வரும் பெண்கள்" என்று சுருக்கிவிடுங்கள். இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் செய்தால் குழு ஏற்றுக்கொள்ளும்.

62 கேள்வி அதிகம். மலையில் (கொழுந்து எடுக்கும் இடத்தில்) இருந்து வந்து, தண்ணீர் பிடித்து, இராச் சாப்பாடு வைக்க வேண்டிய ஒருவர் 20 – 25 நிமிடத்துக்கு மேல் மனம் வைத்துப் பதில் சொல்லமாட்டார். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "ஆமா" வரும். ஒரு தாளில் மூன்று நோக்கத்தையும் எழுதி, ஒவ்வொரு கேள்விக்கும் நேரே "இது எந்த நோக்கத்துக்கு, எந்த அட்டவணையில் வரும்" என்று குறியுங்கள். அட்டவணையில் இடம் இல்லாத கேள்வி வினாக்கொத்திலும் வேண்டாம். அப்படிப் பார்த்தால் 30 – 35க்குள் நிற்கும்.

மருந்து ஒழுங்குக்கு ஏற்கனவே உள்ள அளவுகோல் ஒன்றை எடுப்பதாக இருந்தால் முதலில் உரிமையைப் பாருங்கள். எட்டுக் கேள்வி கொண்ட மொரிஸ்கி அளவுகோலுக்கு உரிமம் வேண்டும். அனுமதியில்லாமல் பயன்படுத்தியதால் மீளப்பெற வேண்டிவந்த கட்டுரைகள் உண்டு. ஹில்-போன் அளவுகோலில் 14 கேள்விகள், மருந்து, உப்பு, கிளினிக் வருகை மூன்றும் அதில் அடங்கும். உங்கள் தலைப்புக்கு அது பொருந்தும். அதற்கும் எழுதிக் கேட்டு, கிடைத்த அனுமதியைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

தமிழாக்கம் ஒருவர் உட்கார்ந்து செய்வதல்ல. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் பொருத்தி ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாவது ஆள் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த மூவரில் ஒருவராவது தோட்டத்துப் பேச்சுக்குள் வளர்ந்தவராக இருக்கட்டும். அதன்பிறகு மாதிரிக்குள் வராத 5 – 10 பெண்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதை எப்படி விளங்கிக்கொண்டீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலான கேள்விகள் திருந்துவது இந்த இடத்தில்தான். "கடந்த இரு வாரங்களில் மருந்தைத் தவறவிட்டீர்களா?" என்று ஒரு தாதி கேட்டால் யாரும் "ஆமா" சொல்லமாட்டார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மலைக்குப் போற அவசரத்துல சில பேருக்கு குளிசை போட மறந்துபோகும். போன ஞாயித்துக்கிழமையில இருந்து நேத்து வரைக்கும் எத்தன நாள் உங்களுக்கு அப்படி ஆச்சு?" தவறுவது வழமைதான் என்பதைக் கேள்வியே ஏற்றுக்கொள்கிறது, பதிலும் நாள் எண்ணிக்கையாக வருகிறது. "எப்போதும், அடிக்கடி, சிலவேளை" என்ற தெரிவுகளை வாயால் வாசித்தால் கடைசியாகக் கேட்டதைத்தான் சொல்வார்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் படம் போட்ட அட்டையைக் கையில் கொடுங்கள். "இல்லை" என்று முடியும் கூற்றுக்கு "உடன்படவில்லை" என்று பதில் கேட்பதை முற்றாக விடுங்கள்.

உள்ளடக்கத் தகுதிக்கு (கேள்விகள் நோக்கத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கு) 6 நிபுணர்கள் போதும்: தாதியியல் விரிவுரையாளர், பொது வைத்திய நிபுணர், சமூக மருத்துவர், தோட்டத்தில் வேலை செய்யும் மிட்வைஃப் என்று கலந்து எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. 3 அல்லது 4 போட்டவர்களின் பங்குதான் அந்தக் கேள்வியின் சுட்டெண். 6இல் 5 பேர் என்றால் 0.83, வைக்கலாம். 4 பேர் என்றால் 0.67, திருத்தவும் அல்லது நீக்கவும். முழு அளவுகோலின் சராசரி 0.90க்கு மேல் வர வேண்டும். 5 பேரோ அதற்குக் குறைவாகவோ எடுத்தால் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அல்பாவை முழு வினாக்கொத்துக்கும் போடாதீர்கள். வயது, சம்பளம், அறிவு, மருந்து ஒழுங்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வரும் 0.8க்கு எந்தப் பொருளும் இல்லை. கேள்வி எண்ணிக்கை கூடினாலே அது ஏறும். ஒரே விடயத்தை அளக்கும் பகுதிக்குத் தனித்தனியாகப் போடுங்கள், 0.70 போதும். சரி/பிழை வகை அறிவுக் கேள்விகளுக்கு அல்பாவின் இடத்தில் கூடர்–ரிச்சர்ட்சன் 20 என்ற கணக்கு. எதிர்மறைக் கேள்விகளின் புள்ளியைத் திருப்பிப் போட்ட பிறகுதான் கணக்கு. அல்பா திடீரென்று 0.3க்கு விழுந்தால் பத்தில் ஒன்பது தரம் காரணம் இதுதான்.

—

நானுஓயா:

பிரஷரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு தரம் எடுத்தது ஆய்வுக்குப் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறை: 15 நிமிடம் உட்கார்ந்து ஆறிய பிறகு, மூன்று நிமிட இடைவெளியில் மூன்று தரம். முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரி. மூன்றையும் எழுதுங்கள், சராசரியை மட்டும் எழுத விடாதீர்கள்.

எங்கள் மலைநாட்டில் பிழைக்கும் இடங்கள் வேறு. முதலாவது ஸ்வெட்டர். கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கையை இறுக்கிக்கொண்டு நிற்கும், அளவு மாறும். ஒரு கையை முழுதாகக் கழற்ற வேண்டும். அதற்கு மறைவான இடம் வேண்டும், அதை முன்கூட்டியே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். இரண்டாவது குளிர். விடியற்காலையில் நானுஓயாப் பக்கம் எடுத்த அளவும் மத்தியானம் எடுத்த அளவும் ஒன்றல்ல, குளிர் பிரஷரை ஏற்றும். எல்லோருக்கும் ஒரே நேர வட்டத்தில் எடுங்கள், எடுத்த நேரத்தைப் பதியுங்கள். மூன்றாவது, கொழுந்துக் கூடையோடு மேடு ஏறி வந்தவர். 30 நிமிடம் ஆகும் வரை தொடாதீர்கள். நிறுவை நேரத்தில் கொழுந்து மடுவத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான் உதவாது. அதே 30 நிமிடத்துக்குள் வெற்றிலை புகையிலை போட்டாரா, தேத்தண்ணி குடித்தாரா என்றும் கேட்டுக் குறியுங்கள். மூத்திரம் அடக்கிக்கொண்டிருந்தால் போய்வரச் சொல்லுங்கள்.

லயத்துக் காம்பராவில் சாயும் கதிரை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலகையில், பாயில் உட்காருவார்கள். முதுகுக்குச் சாய்வில்லாவிட்டால் கீழ் அளவு 6 மி.மீ. வரை ஏறலாம். கால்மேல் கால் போட்டால் மேல் அளவு 2 – 8 மி.மீ. ஏறும். கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 2 மி.மீ. கூடும். மடிக்கும் கதிரை ஒன்றையும் கைக்கு வைக்கச் சின்ன மேசை அல்லது உயரமான பெட்டி ஒன்றையும் கொண்டு போங்கள். சுமக்கக் கஷ்டம்தான், ஆனால் 138ஐயும் 144ஐயும் பிரிப்பது அந்தக் கதிரையாக இருக்கலாம்.

கைப்பட்டி: தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் சுற்றளவு எடுங்கள். 22 – 26 செ.மீ. என்றால் சின்னப் பட்டி, 27 – 34 என்றால் சாதாரணப் பட்டி. தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேருக்குக் கை மெலிவு. பெரிய பட்டியைச் சுற்றினால் பிரஷர் குறைவாகக் காட்டும், அப்போது கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் வீதம் பொய்யாக உயரும். இரண்டு அளவுப் பட்டியும் பையில் இருக்க வேண்டும். கருவி மேற்கையில் கட்டும், தகுதி சோதிக்கப்பட்ட டிஜிட்டல் வகையாக இருக்கட்டும், மணிக்கட்டு வகை வேண்டாம். தொடங்குவதற்கு முன்பும் நடுவிலும் ஆஸ்பத்திரிக் கருவியோடு ஒப்பிட்டுப் பதிவு வையுங்கள்.

180/110க்கு மேல் வந்தால் என்ன செய்வது என்பதை முன்மொழிவிலேயே எழுதுங்கள், குழு கட்டாயம் கேட்கும். ஆறவைத்துத் திரும்ப எடுத்தும் அதே அளவு என்றால் அன்றைக்கே கடிதத்தோடு அனுப்ப வேண்டும். ஹட்டன் பக்கம் என்றால் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், ஒரு பக்கம் விறைப்பு இருந்தால் நேர்காணலை அத்தோடு நிறுத்தி 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். இந்த வரி தரவு சேகரிப்பாளர் கைந்நூலின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

—

கொத்மலை ஓயா:

குளிசையை எண்ணுங்கள். ஆனால் ஒரே விஜயத்தில் எண்ணி முடிவு சொல்லாதீர்கள். காரணம் பழைய மிச்சம். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கிளினிக்கில் 30 நாளுக்கு நாளைக்கு 2 வீதம் 60 குளிசை கொடுத்தார்கள். 28ஆம் நாள் வீட்டில் 26 இருக்கிறது. எடுத்திருக்க வேண்டியது 56. 60இல் 26 போக 34, அதை 56ஆல் வகுத்தால் 61 வீதம். ஒழுங்கில்லை என்று எழுதிவிடுவீர்கள். ஆனால் மருந்து வாங்கிய அன்றே வீட்டில் பழைய 12 இருந்திருந்தால் கையில் இருந்தது 72, எடுத்தது 46, வீதம் 82. வழக்கமாக வைக்கும் 80 வீத எல்லைக்கு மேலே போய்விட்டார். ஒரே ஆள், ஒரே பழக்கம்.

அதனால் இரண்டு விஜயம்: முதலாவதில் வீட்டில் உள்ள எல்லாப் பொதிகளையும் வாங்கி எண்ணிப் பதிவது, சுமார் 4 கிழமைக்குப் பிறகு திரும்ப எண்ணுவது. இடையில் வாங்கியதைக் கிளினிக் கொப்பியில் இருந்து எடுத்துக் கூட்டுங்கள். இரண்டாவது விஜயத்தின் திகதியை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் குளிசை குறைந்து இருக்கும். ஆனால் "இன்னொரு தரம் வருவோம், அப்போதும் குளிசை பார்ப்போம்" என்பது சம்மதப் படிவத்தில் இருக்க வேண்டும்.

எண்ணும்போது கவனிக்க: கடதாசி உறையில் கொடுத்த வெள்ளைக் குளிசைகள் வீட்டுக்குப் போனதும் ஒரே டப்பாவுக்குள் கலந்துவிடும். லொசார்டனும் அம்லோடிப்பினும் அருகருகே வைத்தால் பார்வைக்குப் பிரிக்கக் கஷ்டம். அந்தந்த மாதம் மருந்தகத்தில் கொடுக்கும் குளிசைகளின் மாதிரியை ஒட்டிய அட்டை ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், கம்பனி மாறினால் உருவமும் மாறும். அரைக் குளிசை எடுப்பவருக்கு அரையாகவே எண்ணுங்கள். புருஷனுக்கோ மாமியாருக்கோ அதே மருந்து இருந்தால் ஒருவர் பொதியில் இருந்து மற்றவர் எடுப்பது உண்டு. அதை ஒரு கேள்வியாக வையுங்கள், 100 வீதத்துக்கு மேல் வருகிறவர்களை விளக்க அது உதவும். கையால் தொடாமல் தட்டும் கரண்டியும் வைத்து எண்ணி, அவர் பார்க்கவே திருப்பிப் போடுங்கள்.

வரிசையும் முக்கியம். அவர் வாயால் சொல்வதை முதலில் எழுதுங்கள், குளிசையைக் கடைசியில் கேளுங்கள். மாறிச் செய்தால் எண்ணிக்கையைப் பார்த்துப் பதிலைச் சரிக்கட்டுவார். இரண்டு அளவையும் ஆய்வறிக்கையில் அருகருகே போடுங்கள். அவை எவ்வளவு விலகுகின்றன என்பதே உங்கள் ஆய்வின் பெறுமதியான முடிவாக இருக்கும்.

—

செக்ரோல்:

மாதிரியைப் பற்றி. 385 என்பது ஆட்களை ஒவ்வொருவராகக் குலுக்கி எடுக்கும்போது வரும் கணக்கு (பங்கு 50 வீதம், பிழை 5 வீதம்). நீங்கள் டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு) டிவிசனாகப் போகிறீர்கள். ஒரே டிவிசனில் இருப்பவர்களுக்கு ஒரே கிளினிக், ஒரே ரோடு, ஒரே மிட்வைஃப், பதில்களும் ஒத்துத்தான் வரும். அதற்கு வடிவமைப்பு விளைவால் பெருக்க வேண்டும்: ஒரு டிவிசனில் எடுக்கும் ஆட்களில் ஒன்றைக் கழித்து, உள்ளொப்புமைக் குணகத்தால் (ஒரே டிவிசன்காரர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற எண்) பெருக்கி, ஒன்றைக் கூட்டுவது. டிவிசனுக்கு 20 பேர், குணகம் 0.05 என்றால் 1.95, மாதிரி 751 ஆகிவிடும். 10 பேர் என்றால் 1.45, மாதிரி 559. ஒருவரால் செய்யக்கூடிய வேலையல்ல இது. பிழையை 7 வீதமாக வைத்தால் அடிப்படை 196, 1.45ஆல் பெருக்க 285, பதில் தராதவர்கள் 10 வீதம் என்று வைத்து 0.9ஆல் வகுத்தால் 317. அதாவது 32 டிவிசன், டிவிசனுக்கு 10 பேர். முதுமாணி ஆய்வுக்கு இது நியாயமான அளவு. 7 வீதம் ஏன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். டிவிசன்களைத் தெரிவுசெய்யும்போது பெரியதுக்குப் பெரிய வாய்ப்புக் கிடைக்கும்படி, ஆட்தொகையைக் கூட்டிக்கொண்டே போய் சம இடைவெளியில் எடுங்கள்.

செக்ரோலை (தோட்டத்து வேலைப் பதிவேடு) வைத்துப் பட்டியல் போட்டால் பெயர் பதிந்த தொழிலாளர் மட்டும் வருவார்கள். கைக்காசுக்கு வேலை செய்பவர், ஓய்வுபெற்றும் கொழுந்து எடுப்பவர் விடுபடுவார்கள். மிஸ் சொன்ன கிளினிக் பதிவேட்டையும் செக்ரோலையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் செய்யுங்கள்.

அனுமதி வரிசை: நெறிமுறைக் குழு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், சுகாதார வைத்திய அதிகாரி, பிறகு தோட்டக் கம்பனி, கடைசியில் அந்தந்தத் தோட்டத்து துரை (முகாமையாளர்). கம்பனிக் கடிதம்தான் அதிக நாள் எடுக்கும், அதை முதலில் தொடங்குங்கள். அனுமதி தந்தவர் ஆளையும் தெரிவுசெய்து தர விடாதீர்கள். வெல்பெயார் ஒபீசரிடம் "பிரஷர் உள்ள 10 பேரைக் கூப்பிடுங்க" என்றால் நன்றாகப் பேசும் 10 பேர்தான் வருவார்கள். குலுக்கிய பெயர்களோடு நீங்களே வீட்டுக்குப் போங்கள். ஆள் இல்லாவிட்டால் வேறு நாளில், வேறு நேரத்தில், மூன்று தரம் வரை பாருங்கள். பக்கத்து வீட்டு ஆளால் நிரப்ப வேண்டாம்.

நேரம்: பின்னேரம் 5 மணிக்குப் பிறகும் ஞாயிறு, பூரணை நாட்களும். சம்பள நாளும் அடுத்த நாளும் டவுனுக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்கு முந்திய கிழமையையும் கோயில் தேர் நாளையும் நாட்காட்டியில் வெட்டிவிடுங்கள். மேற்குப் பக்கத் தோட்டங்களில் மே முதல் செப்டெம்பர் வரை மழை, பின்னேரத்தில் அட்டைக்கடியும் மூட்டமும்தான். ஜனவரி – மார்ச் களத்துக்கு நல்ல காலம்.

வயதைக் கேட்டால் "நாப்பதோ என்னமோ" என்பார்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். வயதைக் கணக்கிட்டு எழுதுங்கள், அட்டை இலக்கத்தை எங்கேயும் எழுத வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தரவு விசேட வகைக்குள் வருகிறது.

—

டிக்கோயா தாதி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிளினிக்கை விட்டு லயத்துக்குப் போவதாக மாற்றுகிறேன். மாதிரி 317, விஜயம் இரண்டு. இன்னும் இரண்டு பாக்கி: ஹீமோகுளோபின், போன். வினாக்கொத்து பாமினி எழுத்துருவில் அடித்தது. கோபோவில் (போனில் தரவு சேகரிக்கும் செயலி) ஏற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. தடைகளைப் பற்றிய பகுதிக்குக் குழுக் கலந்துரையாடலும் வைக்கலாமா?

—

பண்டாரவளை:

ஹீமோகுளோபின் வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மூன்று நோக்கத்தில் எதற்கும் அது பதில் சொல்லவில்லை, விரலில் குத்துவது என்றதும் மறுப்பவர் எண்ணிக்கை கூடும், குழுவின் கேள்வியும் கூடும்.

மேற்பார்வையாளர் விடவில்லை என்றால் உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் போகாதீர்கள். உயரம் கூடக் கூட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும், அதனால் இரத்தசோகை மறைந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலின்படி, அளந்த பெறுமானத்தில் இருந்து கழிக்க வேண்டியது லீட்டருக்கு: 500 – 999 மீற்றரில் 4 கிராம், 1000 – 1499இல் 8, 1500 – 1999இல் 11. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு எல்லை 120. ஹட்டன் சுமார் 1270 மீற்றர், நுவரெலியா 1868 மீற்றர். ஆக ஹட்டனில் 126 வந்தவர் கழித்த பிறகு 118, இரத்தசோகை உள்ளவர். பழைய முறையில் 1000 மீற்றர் உயரத்துக்கென்று 2 கிராம்தான் கழிப்பார்கள், அதில் அவர் 124, இரத்தசோகை இல்லை. எந்த முறை என்பதைச் சொல்லாமல் பழைய ஆய்வோடு வீதத்தை ஒப்பிட்டால் முழு விவாதமும் பிழைக்கும். ஒரே தோட்டத்தின் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் வேறு வகுப்புக்குள் விழலாம். உயரத்தை டிவிசன் வாரியாக நில அளவைப் படத்தில் இருந்து எடுங்கள், போன் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம்.

ஹீமோகியூ (விரல் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கும் கருவி) என்றால்: குளிர்ந்த விரலில் இரத்தம் வராது, பிதுக்கினால் திசு நீர் கலந்து குறைவாகக் காட்டும். முதலில் வெந்நீர்ப் பை பிடிக்கக் கொடுங்கள். கொழுந்து பறித்துத் தடித்த விரல் நுனியை விட்டு, அதிகம் வேலை செய்யாத கையின் நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் துளிகளைத் துடைத்துவிட்டு, கியூவெட்டை (இரத்தத்தை உறிஞ்சிக் கருவிக்குள் போகும் சின்னத் தகடு) ஒரே தடவையில் நிரப்புங்கள். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் எறிந்துவிட்டு வேறு எடுங்கள். 201 வகைக் கியூவெட்டுக்குள் இரத்தத்தோடு வினைபுரியும் பொருள் உண்டு, ஈரத்தில் கெடும். போத்தல் மூடி திறந்து கிடக்கக் கூடாது, திறந்த திகதியை மேலே எழுதி 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். 301 வகையில் அந்தப் பொருள் இல்லை, எங்கள் காலநிலைக்கு அது தோது.

—

யுனிகோட் அண்ணா:

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட எழுத்துரு. கோபோ, எக்செல், எஸ்பிஎஸ்எஸ் எல்லாவற்றுக்கும் யுனிகோட் வேண்டும். மாற்றியில் போட்டு மாற்றுங்கள், ஆனால் அப்படியே ஏற்ற வேண்டாம். பாமினியில் கொம்பும் காலும் தனித்தனியாக அடிக்கப்படும். சில மாற்றிகள் "கொ" என்பதைக் கொம்பு ஒன்று, கால் ஒன்றாகவே விட்டுவிடும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு வரியையும் வாசித்து, ஒகர ஓகார ஔகார எழுத்துகளைத் திரும்ப அடித்துவிடுங்கள்.

படிவத்தை எக்செலில் மூன்று தாள்களாகச் செய்யுங்கள்: கேள்விகள், தெரிவுகள், அமைப்பு. தெரிவுகள் எண்ணாகத்தான் சேமிக்கப்பட வேண்டும், தமிழ் திரையில் காட்ட மட்டும். "தெரியாது" 8, "பதில் தரவில்லை" 9, எல்லாத் தெரிவுக் கேள்விக்கும் இதுவே. எண் கேள்விகளில் 888, 999, ஏனென்றால் 88ம் 99ம் உண்மையான அளவாகவே வரலாம். வெற்றிடம் விட அனுமதிக்காதீர்கள், வெற்றிடம் என்றால் கேட்கவில்லையா சொல்லவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. 888, 999 தவிர, மேல் அளவு 70 – 260, கீழ் அளவு 40 – 150, கீழ் அளவு மேல் அளவைவிடக் குறைவு என்று எல்லை வையுங்கள். குளிசை மிச்சம், பழைய மிச்சமும் புதிதாகக் கொடுத்ததும் சேர்ந்த தொகையைவிடக் கூடினால் எச்சரிக்கை வரட்டும்.

பள்ளத்து லயங்களில் சிக்னல் இருக்காது, அது பிரச்சினையில்லை, படிவம் போனிலேயே நிற்கும். அனுப்பி முடியும் வரை செயலியை நீக்கவோ அதன் தரவை அழிக்கவோ கூடாது. ஈரக் கைக்குத் தொடுதிரை வேலை செய்யாது, துண்டு ஒன்று வையுங்கள். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். கடதாசிப் படிவம் ஐந்தாறு கட்டாயம் பையில் இருக்கட்டும். பெயரும் ஆய்வு இலக்கமும் உள்ள பட்டியல் போனில் வேண்டாம், பூட்டிய இடத்தில் தனிக் கொப்பியாக வையுங்கள். இரண்டாவது விஜயத்தில் ஆளை இணைக்க அது ஒன்றுதான் வழி.

ஒவ்வொரு கிழமையும் தரவை இறக்கிப் பாருங்கள். பிரஷரின் கடைசி இலக்கம் 0 ஆக இருப்பது பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வர வேண்டும். ஒரு சேகரிப்பாளரிடம் அது மூன்றில் ஒன்று என்றால் அவர் திரையைப் பார்த்து எழுதவில்லை. நேர்காணல் தொடங்கிய, முடிந்த நேரத்தைப் படிவம் தானே பதியும். 6 நிமிடத்தில் முடிந்தவற்றைத் தனியாக எடுத்து விசாரியுங்கள்.

—

பூனாகலை மிஸ்:

குழுக் கலந்துரையாடல் வைக்கலாம், ஆனால் வினாக்கொத்து ஆய்வு முடிந்த பிறகு, அதில் வந்த கேள்விகளோடு. 6 – 8 பெண்கள், ஒரே டிவிசன், கங்காணி குடும்பத்தவர் இல்லாமல். பிள்ளைக் காம்பரா (வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்க்கும் இடம்) ஞாயிறில் காலியாக இருக்கும், நல்ல இடம். தகரக் கூரைக்கு மழை விழுந்தால் ஒலிப்பதிவில் ஒரு சொல்லும் மிஞ்சாது. இரண்டு பதிவுக் கருவிகளை வட்டத்துக்குள் வையுங்கள், குறிப்பெடுக்க ஓர் ஆள் தனியாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 4 – 6 மணி நேரம் போகும் என்று நேரத்திட்டத்தில் போடுங்கள். பேச்சை உள்ளபடியே எழுதுங்கள், பாடப்புத்தகத் தமிழாக்கித் திருத்த வேண்டாம்.

வெள்ளைச் சீருடையோடு யாரும் லயத்துக்குப் போக வேண்டாம். நேற்று மருந்து கொடுத்தவர் இன்று "மருந்து போட்டீங்களா" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். அதே காரணத்துக்காக உங்கள் கிளினிக்கில் வேலை செய்பவர்களைச் சேகரிப்பாளராக எடுக்காதீர்கள். சேகரிப்பாளர் பயிற்சி குறைந்தது இரண்டு நாள். கடைசியில் இரண்டு பேர் ஒரே ஆளுக்கு அளந்து, குளிசை எண்ணி, ஒப்புமையைக் கணக்கிடுங்கள். முன்னோடி ஆய்வு 30 பேருக்கு, தெரிவான 32 டிவிசனுக்கு வெளியே.

காம்பராக்களுக்கு இடையில் சுவர் மேலே திறந்திருக்கும், அடுத்த வீட்டில் கேட்கும். கணவன் குடிப்பது, மருந்து வாங்கக் காசு தராதது போன்ற கேள்விகளை வீட்டு வாசலில் கேட்காதீர்கள். அவற்றுக்கு அட்டையைக் காட்டி விரலால் தொடச் சொல்லலாம்.

சம்மதப் படிவம்: வாசிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, கைநாட்டு எடுத்து, சாட்சி கையொப்பம் வாங்க வேண்டும். சாட்சி கங்காணியோ, வெல்பெயார் ஒபீசரோ, உங்கள் குழுவில் ஒருவரோ ஆகக் கூடாது. அவர் தெரிவுசெய்யும் உறவினர் அல்லது அயலவர். மறுத்தால் கிளினிக் மருந்துக்கும் தோட்டத்து வேலைக்கும் ஒன்றும் ஆகாது என்ற வரியை முதலில் வாசியுங்கள், கடைசியில் அல்ல. படிவத்தின் ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டாவது விஜயத்துக்குப் போகும்போது அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.